சூத்திரம் மட்டும் போதாது

மாயக் கவசத்தைத் தம் விருப்பப்படி செய்வித்துக்கொள்ள விழையும் ஆட்டக்காரருக்கு விதிநூலின் விலைச் சூத்திரமே இறுதிப் பிரமாணம் என்றும், ஆட்டத்தை நடத்துபவர் அதை மீறி விலை கூறுவது எதேச்சாதிகாரம் என்றும் நண்பர் வாதிட்டிருக்கிறார்; அவ்வாதத்தை நான் அடியோடு மறுக்கிறேன்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்று ஆடும் மேஜையாட்டத்தின், 2003-இல் வெளிவந்த மூன்றரைப் பதிப்பையே எடுத்துக்கொள்வோம். சாதாரண மாயக் கவச விஷயத்தில் எனக்கு ஆட்சேபமில்லை: முழுத்தகட்டுக் கவசம் 1,500 பொற்காசு, உயர்ந்த வேலைப்பாட்டுக்கு 150, மந்திர பலம் ஒன்றுக்கு 1,000, ஆக 2,650. பலம் இரண்டானால் மந்திரத்துக்கு மட்டும் 4,000, மூன்றானால் 9,000 என வர்க்கக் கணக்கில் ஏறுவதும் நியாயமே.

ஆனால் எங்கள் மேஜையில் மந்திரவாதியாக ஆடிய ஒருவர், ‘மேஜ் ஆர்மர்’ மந்திரம் இடையறாது நிலைக்கும் அங்கி வேண்டுமென்று, மந்திரத்தின் நிலை ஒன்றையும் ஓதுவோன் நிலை ஒன்றையும் இரண்டாயிரத்தால் பெருக்கி, தாளின் ஓரத்தில் பென்சிலால் 2,000 என்று எழுதி நீட்டினார். அம்மந்திரம் தருவது நான்கு புள்ளிப் பாதுகாப்பு. அதே நான்கைத் தரும் கைக்காப்புகளுக்கு அதே நூல் விதித்திருக்கும் விலையோ 16,000! எட்டிலொரு பங்குக்கு அதே பயன் கிடைக்குமானால் காப்பை யார் வாங்குவார்? சூத்திரம் ஆரம்பமே என்றும், உண்மைப் பயனை நோக்கி விலையை மாற்றலாம் என்றும் அந்நூலே ஸ்பஷ்டமாகக் கூறியிருக்க, நண்பர் சூத்திர அட்டவணையோடு நின்றுவிட்டது வருந்தத்தக்கது. நிகரான பொருள் நூலில் உண்டா என்று முதலில் தேடவேண்டும். இல்லாதபோதே சூத்திரத்துக்கு வரவேண்டும். கைக்காப்புப் பக்கத்தைப் புரட்டிக் காட்டியதும், அந்த மந்திரவாதி தாமாகவே 2,000-ஐ அடித்துவிட்டு 16,000 என்று எழுதினார்.