டின் காய்கறியை வாயும் விற்கவேண்டும்

நம் மளிகைக் கடைகளில் ஸ்வீட் கார்ன், காளான், கொண்டைக்கடலை, பேக்டு பீன்ஸ் டின்கள் பெரும்பாலும் மேல் தட்டில் தூசி படிந்து நிற்கின்றன. பெட்டிக்கு இவ்வளவு தள்ளுபடி என்று விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார், வாங்கி அடுக்குகிறோம். பிறகு தேதி முடியும் மாதத்தில்தான் கையில் எடுக்கிறோம். சரக்கின் மேல் குற்றம் இல்லை. "அண்ணாச்சி, இதை வெச்சு என்ன செய்யறது?" என்று ஓர் அம்மா கேட்டால் பதில் சொல்ல நம் கடையில் ஆள் இல்லை. தேக்கத்துக்குக் காரணம் அதுதான் என்பது என் கருத்து.

பதில் ஒன்றும் பெரிய வித்தை அல்ல. டின்னுக்குள் இருப்பது ஏற்கெனவே வெந்த பொருள். ஊறவைக்க வேண்டாம், குக்கர் வேண்டாம். கொண்டைக்கடலை டின்னைத் திறந்து, நீரை வடித்து, ஒருமுறை அலசி, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டித் தேங்காய்த் துருவல் தூவினால் பத்து நிமிடத்தில் சுண்டல். ஸ்வீட் கார்னுக்கும் இதே முறைதான். அதில் இனிப்பு இருப்பதால் மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் எடுப்பாக இருக்கும். காளானை நன்றாக வடித்து, லேசாகப் பிழிந்த பிறகே வெங்காயம், மிளகுடன் வறுக்கவேண்டும். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும். பேக்டு பீன்ஸ் தக்காளிச் சாற்றோடு வருவது, வடிக்கக்கூடாது. வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி அதில் கொட்டிச் சூடாக்கி, ரொட்டி மேலோ தோசைக்குள்ளோ வைத்துக் கொடுக்கலாம். பெரும்பாலான டின்களில் உப்பு முன்பே சேர்ந்திருக்கும். ருசி பார்த்த பிறகே உப்புப் போடச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் சுண்டல் கரிக்கும். அந்த அம்மா அடுத்த டின் வாங்கமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. சுண்டலுக்கு டின் வாங்குபவர் தேங்காயும் எலுமிச்சையும் சேர்த்தே வாங்குவார். பீன்ஸ் வாங்குபவருக்கு ரொட்டி வேண்டும். டின்னில் கிடைக்கும் லாபத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது.

"மருந்து போட்டு வைத்தது" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. மூடிய கலத்தைச் சூடாக்கி உணவைக் காக்கும் முறைக்காக நிகோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் அந்நாட்டு அரசிடம் 12,000 பிராங்க் பரிசு பெற்றது 1810இல். கிருமிகளைப் பற்றி உலகுக்கு விளக்கிய பாஸ்டர் பிறந்ததே 1822இல்தான்! காரணம் தெரியாமலே கண்டுபிடித்த முறை. காப்பது சூடும் காற்றுப் புகாத மூடியும். சந்தேகப்படுபவருக்கு லேபிளைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

விலையை மறைக்கவேண்டாம். உலர்ந்த கொண்டைக்கடலை டின்னைவிட மலிவு. பருவத்தில் பச்சைப் பட்டாணியும் அப்படியே. நேரம் இருப்பவருக்கு அதையே கொடுங்கள். மாலை ஏழு மணிக்கு வேலை விட்டு வருபவருக்கும், அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞருக்கும், திடீரென விருந்தாளி வந்த வீட்டுக்கும்தான் டின். மொத்த எடை வேறு, நீர் வடித்த எடை வேறு என்பதையும் சொல்லிவிடுங்கள். பாதி தண்ணீர்தான் என்ற புகார் வராது.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத விஷயம், உப்பிய டின். காய்கறி டின்னில் புளிப்பு குறைவு. சூடாக்கும்போது குறை நேர்ந்தாலோ மூடி கசிந்தாலோ உள்ளே கிருமி வளரும். காற்றில்லாத இடத்தில் வளரும் பாட்டுலினம் கிருமியின் நஞ்சு உயிரையே எடுக்கும். மணத்திலும் ருசியிலும் அது தெரியவேண்டும் என்பதில்லை. எனவே உப்பியது, கசிவது, ஓரத் தையலில் நசுங்கியது, துரு அரித்தது எதையும் பாதி விலைக்குக்கூடத் தராதீர்கள். தேதி முடிந்ததை விற்பது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மை மாட்டிவைக்கும். திறந்த டின்னில் மிஞ்சியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்க்கவேண்டும் என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சில்லறைக் கடைக்காரர் உப்பிய டின்னைத் திருப்பிக் கொண்டுவந்தால், "உன் கடை வெயிலில் கெட்டது" என்று தட்டிக்கழிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. திருப்பி எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தால் தள்ளுபடி போட்டு விற்கத்தான் சிறு கடைக்காரருக்குத் தோன்றும். கெட்ட டின்னுக்கு மாற்று டின் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். எழுதித் தராதவரிடம் பெட்டிக்கணக்கில் வாங்காமல், ஆறு ஆறாக வாங்கிப் பழைய தேதியை முன்வரிசையில் அடுக்குவதே சில்லறைக் கடைக்காரருக்குப் பாதுகாப்பு.