பயிற்சிக்கு முன் பார்க்க வேண்டியது

இங்கிலாந்தில் காளைகள் மீது நாய்களை ஏவிவிடும் கொடிய பொழுதுபோக்கு 1835ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. தொழில் இழந்த புல்டோக் பின்னர் கண்காட்சி நாயாகியது. தட்டை முகமும் பெருந்தலையுமே அழகு எனக் கொள்ளப்பட்டன. விளைவு? இன்று அவ்வினத்தில் பல நாய்கள் மூச்சுவிடத் திணறுகின்றன. பெரும்பாலான குட்டிகள் சத்திரசிகிச்சை மூலமே பிறக்கின்றன. இத்தகைய உடற்குறையை எந்தப் பயிற்சியும் போக்காது.

அமெரிக்கத் தென்மாநிலப் பண்ணைகளில் காட்டுப்பன்றி பிடிக்கவும் கால்நடைகளை அடக்கவும் வளர்க்கப்பட்ட அமெரிக்க புல்டோக்கின் கதை வேறு. ஓட இயலாத நாய்க்கு அங்கு வேலை இருக்கவில்லை. எனினும் அதுவும் குறையற்றதன்று. இடுப்பு மூட்டுக் குறைபாடும், நரம்பு மண்டலத்தைச் சிதைக்கும் பரம்பரை நோயொன்றும் அதில் உண்டு. இரண்டு வயதின் பின் எடுக்கும் எக்ஸ்றே படம் முன்னதைக் காட்டும். மரபணுப் பரிசோதனை பின்னதைக் காட்டும். எனவே குட்டி வாங்குவோர் தாய், தந்தை இரண்டினதும் அறிக்கைகளைக் கேட்க வேண்டும். அவை சற்று ஓடியபின் மூச்சு எவ்வளவு விரைவில் சீராகின்றது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதன் பின்னரே பயிற்சி. அழைத்ததும் வருதல், கவ்வியதை விடுதல், மனிதரோடும் பிற பிராணிகளோடும் பழகுதல் ஆகியவற்றைச் சிறுவயதிலேயே தொடங்கலாம். உயரப் பாய்தலும் பாரம் இழுத்தலும் எலும்பு முதிரும்வரை வேண்டாம். நண்பகல் வெயிலில் எந்த வேலையும் வேண்டாம்.

விற்பவரைக் குறைகூறுதல் எளிது. ஆனால், தட்டை முகத்துக்கு அதிக விலை கொடுப்போர் உள்ளவரை அதனை உருவாக்குவோரும் இருப்பர்.