ஆஸ்பத்திரி பதிவு ரத்தானால் நஷ்டஈடு வந்துவிடுமா?

செங்கல்பட்டு மாவட்டம் பம்மலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில், உடல் எடையைக் குறைக்க 2024 ஏப்ரல் 22-ந் தேதி ஆபரேஷன் செய்துகொண்டார் புதுச்சேரி வாலிபர். வயது 26. மறுநாள் பரிதாபமாக இறந்துவிட்டார்.

அதிகாரிகள் விசாரித்தார்கள். ஆஸ்பத்திரியின் பதிவு தற்காலிகமாக ரத்து ஆனது.

சரி, நஷ்டஈடு?

பதிவு ரத்தானால் பணம் வராது. போலீஸ் புகாரும் தண்டனைக்குத்தான். எடை குறையவோ, அழகுக்கோ ஆபரேஷன் செய்து பாதிக்கப்பட்டவர்கள் நஷ்டஈட்டுக்குத் தனியே வழக்குப் போடவேண்டும்.

செங்கல்பட்டே போதும்

காசு வாங்கி வைத்தியம் பார்த்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2019-ம் ஆண்டு சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மாமல்லபுரத்துக்காரர் பட்டணத்துக்கு அலைய வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கோர்ட்டு கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை.

காகிதம்தான் சாட்சி

"நெனச்ச மாதிரி அழகா வரலியே" என்பது மட்டும் வழக்காகாது. டாக்டரின் கவனக்குறைவை நிரூபிக்கவேண்டும். சிகிச்சை விவரங்களைக் கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்கவேண்டும் என்பது டாக்டர்களுக்கான விதி. "அப்புறம் வாங்க" என்றால் எழுதிக் கொடுத்து, தேதியுடன் கையெழுத்து வாங்குவது நல்லது.

வழக்குக்குக் கெடு 2 வருஷம். சமாதானப் பேச்சிலேயே அது ஓடிவிடக்கூடாது.