பூல் மேஜை தொழிலாளர் மண்டபத்துக்கு வரட்டும்

எங்கள் தோட்டத்துச் சங்கக் கிளையின் மண்டபத்தில் ஒரு பூல் மேஜை போடலாம் என்ற யோசனையை நாம் கூட்டத்தில் வைத்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "கள்ளால் கெட்டது போதாதா கிராணியாரே, இனிச் சூதாலும் கெட வேண்டுமா?" என்று கேட்டார். தாய்மார்கள் பலர் தலையசைத்தார்கள். பையன்கள் பின்னால் நின்று சிரித்தார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேஜையைக் கொண்டுவந்து இறக்குவது முறையல்ல. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் பெரியவரின் அச்சம் பொய்யல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டணத்தில் பூல் ஆடும் கடைகள் எப்படி இருக்கின்றன என்பதை நாம் கண்டிருக்கிறோம். கண்ணாடிக் கதவை மூடிவிட்டால் உள்ளே புகைமூட்டம். மேஜைக்கு மேஜை பணயம். ஆட்டத்தைப் பார்ப்பது போல் சுவரோரம் நிற்பவர்களில் வட்டிக்குப் பணம் விடுகிறவனும் இருப்பான். சம்பளம் வாங்கிய மாலையில் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போன பையன், இரவு பன்னிரண்டு மணிக்கு வெறுங்கையோடு திரும்புகிறான். மறுநாள் விடியுமுன் பெரட்டில் நின்று தூங்குகிறான். இதைக் கண்ட தாய், "பூல்" என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வதில் வியப்பு என்ன?

ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலத்தில் "பூல்" என்றால், பலரும் போட்டுச் சேர்த்து வைத்த பொதுப்பணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் அறைகளைப் பூல் அறைகள் என்றார்கள். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் இடையில் ஆட்கள் எழுந்து போய்விடாமலிருக்க, அந்த அறைகளில் பில்லியர்ட்ஸ் மேஜைகளைப் போட்டு வைத்தார்கள். நாளடைவில் பந்தயத்தின் பெயர் மேஜைக்கு ஒட்டிக்கொண்டது. கெட்ட பெயர் ஆட்டத்திலிருந்து பிறக்கவில்லை, அது வைக்கப்பட்ட இடத்திலிருந்து பிறந்தது. (பலரும் போட்டுச் சேர்த்த பொதுப்பணம் என்றால் நமது சங்கச் சந்தாவும் அதுதானே! அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களைத் தவிர.)

ஆகவே மேஜை எந்த இடத்தில் கிடக்கிறது, அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.

மலாயாவில் இந்த மேஜை முதலில் கிடந்த இடம் எது? துரைமார்களின் கிளப். அங்கே நம்மவர்கள் நுழைந்ததெல்லாம் தட்டேந்தவும் தரை துடைக்கவும்தான். ஸ்நூக்கர் என்னும் ஆட்டமே இந்தியாவில் வெள்ளை இராணுவ அதிகாரிகளிடையே பிறந்தது. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி அதை உருவாக்கினார் என்பார்கள். பின்னர் நமது முன்னோர் நாட்டிலேயே, நீலகிரி உதகமண்டலத்துக் கிளப்பில் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. உதகையில் விதி எழுதினார்கள், ஆனால் அந்த மலையில் தேயிலை பறித்தவர்களுக்காகவா எழுதினார்கள்?

துரைமார் போனார்கள். கிளப்புகள் ஸ்டாஃப் கிளப்புகளாயின. எங்கள் தோட்டத்துக் கிளப்பிலும் ஒரு பழைய மேஜை உண்டு. கிராணிமாரும் கண்டக்டர்மாரும் ஆடலாம். நாமும் அங்கேதான் கோல் பிடிக்கக் கற்றோம். பால்வெட்டுத் தொழிலாளிக்கு மட்டும் அங்கே இடமில்லை. எழுதிய சட்டம் ஒன்றும் இல்லை, ஆனாலும் எவரும் படியேறுவதில்லை. ஒருமுறை நாம் பால்வெட்டும் தம்பி ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சுவரோரமே நின்றார். கோலை நீட்டியும் வாங்கவில்லை. கிராணி நண்பர்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்: ஒரே தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள் நாம். பால் நிறுக்கும் இடத்தில் தராசுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். மாலையிலுமா இந்தப் பிரிவு வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. அந்தப் பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது என்ன என்று பார்த்தவர்கள் அறிவார்கள். தளம் சிலேட்டுக் கல். ஓரங்களில், பந்து மோதித் திரும்பும் இடத்தில், துணி போர்த்திய ரப்பர். பழங்காலத்தில் அந்த ஓரங்களில் துணியையும் குதிரைமயிரையும் அடைத்து வைத்தார்கள். பந்து மோதினால் சோர்ந்து நின்றுவிடும். 1835இல் லண்டனில் ஜான் தர்ஸ்டன் என்ற மேஜைத் தயாரிப்பாளர் ரப்பரை வைத்தார். பந்து துள்ளியது. ஆனால் குளிர்காலத்தில் ரப்பர் கல்லாக இறுகிவிடும். ஆட்டத்துக்கு முன் வெந்நீர்ப் பாத்திரங்களை வைத்துச் சூடேற்ற வேண்டியிருந்தது. ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால் குளிருக்கு இறுகாது, வெயிலுக்கு இளகாது என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டபிறகே அந்தக் குறை தீர்ந்தது. 1845இல் அவ்வகை ரப்பர் ஓரங்கள் விக்டோரியா மகாராணிக்கும் சென்றன. அன்றைய ரப்பர் தென்னமெரிக்கக் காட்டு ரப்பர். மலாயாவில் பால்மரம் வந்து தோட்டங்களாகிப் பரவியது அதற்குப் பல்லாண்டுகள் கழித்துத்தான். இன்று பல தோட்டங்களில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தாகிவிட்டது. ஆயினும் நல்ல மேஜையின் ஓரத்துக்கு இன்றும் இயற்கை ரப்பரே ஏற்றது என்கிறார்கள். நாம் வெட்டிய பாலின் மேல்தான் பந்து துள்ளுகிறது. அந்த மேஜையைத் தொட நமக்குத் தயக்கம் ஏன்?

அந்தப் பால்வெட்டும் தம்பி பிற்பாடு ஆடினார், கிளப்பில் அல்ல. பட்டணத்தில் ஒரு கடையை மூடியபோது, நாம் ஏழெட்டுப் பேர் பணம் போட்டு ஏழடிப் பழைய மேஜை ஒன்றை வாங்கினோம். கல் ஒரே பலகையாக இருந்தபடியால் எட்டுப் பேர் சேர்ந்து தூக்க வேண்டியதாயிற்று. நிர்வாகத்திடம் காலியாகக் கிடந்த பழைய ஆயாக் கொட்டகையைக் கேட்டோம். "சூதாட்டத்துக்கு இடம் தருவதில்லை" என்று பதில் வந்தது. ஸ்டாஃப் கிளப்பில் இருக்கும் மேஜை என்ன ஆட்டத்துக்கு என்று திருப்பிக் கேட்டோம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. தற்காலிகமாக ஒரு நண்பரின் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் தகரக் கூரையின் கீழ் மேஜையைப் போட்டோம். அங்கேதான் அந்தத் தம்பி முதன்முதலாகக் கோலை எடுத்தார்.

நாம் பத்தாண்டுகள் ஆடியும் வராத மென்மை அவர் கையில் பத்தே வாரத்தில் வந்தது! யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயம் இல்லை. விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் நின்று, சரிவு மாறாமல், பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கிறவர் அவர். ஆழம் குறைந்தால் பால் வராது. சற்றே கூடினால் மரத்துக்குக் காயம், மண்டோரிடம் பேச்சு. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் இப்படிப் பழகிய மணிக்கட்டுக்கு, ஒரு வெள்ளைப் பந்தை எவ்வளவு மெதுவாகத் தொட வேண்டும் என்று யார் சொல்லித்தர வேண்டும்? அதோடு லயத்து வாசலில் கேரம் ஆடி வளர்ந்தவர்களுக்கு, ஓரத்தில் மோதிய காய் எந்தக் கோணத்தில் திரும்பும் என்பது கண்ணிலேயே இருக்கிறது.

ஆட்டம் அறியாதவர்களுக்கு இரண்டு வரி. எட்டுப் பந்து ஆட்டத்தில் வெள்ளைப் பந்தைத் தவிரப் பதினைந்து பந்துகள். ஒன்று முதல் ஏழு வரை முழு நிறம், ஒன்பது முதல் பதினைந்து வரை பட்டை போட்டவை. எட்டாம் எண் கறுப்பு. உமது ஏழையும் குழியில் விட்ட பிறகே கறுப்பைத் தொட வேண்டும். இடையில் கறுப்பு விழுந்தால் தோல்வி. தவறு செய்தால் வெள்ளைப் பந்து எதிராளி கைக்குப் போய்விடும். அவர் விருப்பப்பட்ட இடத்தில் வைத்து அடிப்பார். ஆகவே அவசரக்காரன் இதில் ஜெயிப்பதில்லை. ஒரு பந்தை விழச் செய்வது பாதி வேலைதான். அடுத்த பந்துக்கு வெள்ளை எங்கே வந்து நிற்கும் என்று முன்கூட்டி எண்ணுவது மீதிப் பாதி. சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் இதை ஆடிப் பழகினால் நல்லது என்று நாம் கிளைச் செயலாளரிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவர் சிரிப்பதில்லை.

இது விளையாட்டே அல்ல, பொழுதுபோக்கு என்பாரும் உண்டு. 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தொடங்கி 2010 குவாங்சோ வரை நான்கு முறை இதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். தென்கிழக்காசியப் போட்டிகளில் 1987 முதலே இடம் உண்டு. நமது அண்டை நாடான பிலிப்பைன்சில் எப்ரன் ரெயெஸ் என்ற ஏழைப் பிள்ளை, மணிலாவில் மாமனின் பூல் கடையில் வேலை செய்து, இரவில் மேஜையின் மேலேயே படுத்துறங்கி வளர்ந்தார். உயரம் எட்டாமல் சோடாப் பெட்டியின் மேல் ஏறி நின்று ஆடிய அந்தப் பையன், 1999இல் கார்டிப் நகரில் ஒன்பது பந்து ஆட்டத்தின் உலக வெற்றியாளரானார். மறைப்பானேன், அவரும் பணய ஆட்டங்களில் காசு சம்பாதித்தவர்தாம். அவருக்கு வேறு வழி திறந்திருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்த வேறு வழியைச் சங்கம் திறக்கலாம் என்பதே நமது வாதம்.

"சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா? வீடு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, ஒப்பந்த ஆட்கள் பிரச்சினை இருக்கிறது" என்று கேட்பவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. அவையே முதல். ஆனால் ஒன்று கேட்கிறோம்: கடைசியாக நடந்த கிளைக் கூட்டத்தில் இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? பின்தாழ்வாரத்தில் மேஜை விழுந்தபின் மாலைதோறும் அங்கே கூடுகிற பிள்ளைகளிடம்தான் நாம் சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, சேமநிதியில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்றெல்லாம் பேசியிருக்கிறோம். நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்கிறவர்களும் அங்கே வருகிறார்கள். அவர்களோடு நம்மவர்கள் மரியாதையாக நாலு வார்த்தை பேசியதை நாம் முதலில் கண்டது அந்த மேஜையைச் சுற்றித்தான். மொழி அரைகுறைதான், பந்தின் எண்ணைச் சொல்ல அது போதும்.

பெண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் கூட்டத்தில் அதுவும் எழுந்தது. அதே பிலிப்பைன்சின் ரூபிலன் அமித் என்ற பெண்மணி 2009லும் 2013லும் பத்துப் பந்து ஆட்டத்தில் உலக வெற்றி பெற்றவர். நம் தோட்டத்தில் ஆணுக்குச் சமமாகப் பால் வெட்டுகிற தங்கைமார், கோலைப் பிடித்தால் மட்டும் குடும்ப மானம் போய்விடுமோ? வாரத்தில் இரண்டு மாலைகள் அவர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் சாவி மாதர் பிரிவின் கையில் இருக்கட்டும்.

இனி நடைமுறை. மேஜையில் காசு வைக்கக்கூடாது. ஒரு வெள்ளியானாலும், ஒரு தேநீரானாலும் கூடாது. பொதுச் சூதாட்ட மனைச் சட்டம் 1953 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. மண்டபத்தின் பெயர் கெட்டால் சங்கத்தின் பெயர் கெடும். குடித்து வருகிறவருக்குக் கோல் கிடையாது, அவர் தலைவரே ஆனாலும். பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் முடித்து, தகப்பனோ தாயோ உடனிருந்தால் ஆடலாம். இரவு ஒன்பதரைக்கு விளக்கணைக்க வேண்டும், ஏனென்றால் விடியற்காலை பெரட்டு யாருக்காகவும் காத்திராது. நமது வெப்பத்திலும் ஈரத்திலும் துணி நனைந்தால் பந்து சேற்றில் உருளுவதுபோல் உருளும். ஆகவே ஆட்டம் முடிந்ததும் துலக்கி, துணியைப் போர்த்தி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை மட்டம் பார்க்க வேண்டும். தகரக் கூரையின் கீழே இருந்த ஓராண்டில் ஒரு ஓரத்து ரப்பர் இறுகிப்போய்விட்டது. அதை மாற்ற ஆகும் செலவைக் கிளை ஏற்குமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறோம். கொட்டகைக்கான மனுவும் அன்றே மறுபடி வைக்கப்படும். கிராணி நண்பர்களும் அதில் கையெழுத்திட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். முதல் கையெழுத்து எம்முடையது. தாள் பால் ஸ்டோர் மேசையில் கிடக்கிறது.