அந்த ஏழு நாள்

விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு. ஆயாக்கொட்டகையில் விடப்பட்டு வளர்ந்தவர்கள் நம்மில் அநேகர். தகப்பன் முகத்தை நாம் சரியாகப் பார்த்தது பொழுது சாய்ந்த பிறகுதான். நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கதி வேண்டுமா?

2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், 60 நாளாக இருந்த பிரசவ விடுமுறையை 98 நாளாக்கியது. மணமான தகப்பனுக்கும் சம்பளத்துடன் 7 நாள் தந்தது. ஐந்து பிரசவம் வரை இது உண்டு. ஒரே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு 30 நாள் முன்னதாகவோ, பிள்ளை பிறந்ததும் கூடிய சீக்கிரத்திலோ தெரிவிக்க வேண்டும். கிராணிமார்களே, விவரம் அறியாத தொழிலாளிக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

“ஆம்பிளைக்கு வீட்டில் என்ன வேலை?” என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். தொட்டில் கட்டுவோம், வெந்நீர் வைப்போம், பெற்றவளைச் சற்று உறங்க விடுவோம். பிஞ்சு விரல் நம் காய்த்த விரலைப் பற்றும் சுகத்துக்குக் காசு வேண்டாம், நேரம்தான் வேண்டும். பிள்ளை சற்று வளர்ந்ததும், ஓய்வு நாளில் தோளில் தூக்கிக்கொண்டு பினாங்குக் கோட்டைத் திடலில் கடற்காற்று வாங்குவோம்.

தோழர்களே, சட்டம் தந்த நாளைக் கூச்சத்தால் இழப்பது நமக்கு அழகல்ல. கேட்டு வாங்குங்கள்!