ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்: பயப்படாதீர்கள், விசாரியுங்கள்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் ஆண்டில் படம் பார்ப்பதும், பிள்ளைகளின் புராஜெக்ட்டைப் பிரின்ட் எடுப்பதும், மின் கட்டணம் கட்டுவதுமாகவே பொழுது போய்விடுகிறது. ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பம் லட்சக்கணக்கில் பணம் போட்டு வாங்கும் பழைய காரை, அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு மணி நேரம்கூட உட்காராமல் வாங்கிவிடுகிறோம். புரோக்கர் சொன்னார், மீட்டரில் 48,000 காட்டுகிறது, பெயின்ட் பளபளக்கிறது. முடிந்தது வியாபாரம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்குக் கார் வாங்குகிறவர்கள் மீட்டரில் குறைந்த எண்ணைத் தேடுவதை விட்டுவிட வேண்டும். அதிகம் ஓடிய, ஆனால் வருடம் புதியதான, சர்வீஸ் கணக்கு உள்ள காரை வாங்கி, மிச்சமாகும் பணத்தை அதன் பிரேக்கிலும் டயரிலும் போடுவதே சரி.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். போய்வர 80. வருடத்தில் 290 நாள் வேலைக்குப் போனால் 23,200 கிலோமீட்டர். ஆறு வருடத்தில் 1,39,200. சிப்காட்டில் வீடு, பெங்களூரில் வேலை என்று அத்திப்பள்ளி எல்லையைத் தினமும் தாண்டுகிற ஒருவருடைய கார் ஒன்றரை லட்சம் ஓடியிருப்பது இயல்பு. அதே கார் 48,000 காட்டினால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொன்று. ஒரே ஆள், ஒரே ரோடு, தினமும் எஞ்சின் சூடேறி நெடுந்தூரம் ஓடிய கார், மாதம் இரண்டு முறை காய்கறி வாங்க மட்டும் எடுத்து மற்ற நாளெல்லாம் வெயிலில் நின்ற காரைவிடப் பல சமயம் நல்ல நிலையில் இருக்கும். நின்ற காரில் ரப்பர் காயும், பேட்டரி சாகும், பிரேக் பிடித்துக்கொள்ளும்.

மீட்டர் என்பது ஒரு சின்ன மெமரி

பழைய கார்களில் மீட்டர் பல் சக்கரத்தில் சுற்றியது. இப்போதைய டிஜிட்டல் மீட்டரில் கிலோமீட்டர் எண் ஈஈபிராம் என்ற சிறிய மெமரி சிப்பில் எழுதப்படுகிறது. உங்கள் பென் டிரைவில் ஒரு பைலை அழித்து வேறொன்றை எழுதுகிறீர்கள் அல்லவா? கிட்டத்தட்ட அதேதான். புரோகிராமர் என்ற கருவியும் லேப்டாப்பும் இருந்தால் அந்த எண்ணை மாற்றி எழுதிவிடலாம். ஆகவே மீட்டரில் தெரிவதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள், சான்றாக அல்ல.

பழைய ஹார்ட் டிஸ்க் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. லேபிளில் என்ன ஒட்டியிருந்தாலும், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமைப் போட்டால் அந்த டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று உள்ளிருந்தே எடுத்துக் காட்டும். காருக்கும் இப்படி உள்ளே எட்டிப் பார்க்கும் வழி உண்டு. 2013க்குப் பின் வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். இதில் செருகும் புளூடூத் அடாப்டர்கள் ஆன்லைன் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. இஎல்எம்327 என்ற பெயரில் தேடுங்கள். செருகி, போனில் டார்க் போன்ற ஆப்பைத் திறந்தால் எஞ்சின் கம்ப்யூட்டர் பேச ஆரம்பிக்கும்.

இதில் எல்லோரும் பார்ப்பது பழுதுக் குறியீடுகளை மட்டும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பி0420 என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. ஆனால் விற்பவர் உங்களுக்குக் காட்டும் முன்பே இந்தக் குறியீடுகளை அழித்திருக்கலாம். பட்டனை அழுத்தினால் போதும், எஞ்சின் லைட் அணைந்துவிடும். அதற்கும் மருந்து உண்டு. ‘குறியீடுகள் அழிக்கப்பட்ட பிறகு ஓடிய தூரம்’ என்ற தகவலைத் தேடிப் பாருங்கள். அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்பு யாரோ அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏன் என்று கேளுங்கள். நியாயமான பதிலும் இருக்கலாம். பேட்டரியைக் கழற்றினாலும் சில கார்களில் இது பூஜ்யமாகும். (இந்த எண் 65,535க்கு மேல் போகாது. இரண்டு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் அதுதான். கம்ப்யூட்டர் பாடத்தில் படித்தது காரில் வந்து நிற்கிறது பாருங்கள்!)

கருவி எதுவும் இல்லாதவர்கள் கண்ணால் பார்க்கலாம். 48,000 ஓடிய காரில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது, ஸ்டீயரிங் தோல் பளபளக்காது, டிரைவர் சீட் ஒரு பக்கம் அமுங்கியிருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட காராக இருந்தால், ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்பது அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். விற்பவரையே அழைத்துப் போய்ப் பிரின்ட் கேளுங்கள். மறுத்தால் அடுத்த காரைப் பார்க்கலாம்.

இங்கே அரசுக்கும் ஒரு வார்த்தை. பெல்ஜியத்தில் 2006 முதல் கார்-பாஸ் என்ற ஏற்பாடு நடக்கிறது. கார் ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போதெல்லாம் மீட்டர் எண் ஒரு பொதுக் கணினிக்குப் போய்விடும். பழைய காரை விற்கும்போது அந்தப் பட்டியலைக் கொடுத்தே தீர வேண்டும். நம் நாட்டில் வாகன் என்ற பெயரில் அவ்வளவு பெரிய டேட்டாபேஸ் இருக்கிறது, இன்சூரன்ஸ் முடியும் தேதி, புகைச் சான்று முடியும் தேதி எல்லாம் அதில் தெரிகிறது. புகைப் பரிசோதனைக்குப் போகும்போதே மீட்டரையும் குறித்து, வாங்குபவர் பார்க்கும் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் இந்தத் தொழில் பாதி படுத்துவிடும்.

எல்லை தாண்டினால் விலை மாறும்

ஓசூர்க்காரர்கள் பெங்களூரில் கார் பார்ப்பது சகஜம். அங்கே வண்டிகள் அதிகம், பேரம் பேசலாம். ஆனால் கேஏ போர்டு காரின் விலையை டிஎன் 70 போர்டு காரின் விலையோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 47ஆவது பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவு எண் வாங்க வேண்டும். விற்பவர் அங்கே என்.ஓ.சி. எடுத்துத் தர வேண்டும் (படிவம் 28). கடன் இருந்தால் பேங்க்கிலிருந்து படிவம் 35. பெயர் மாற்ற 29, 30. புது எண் கேட்க 27. இவ்வளவும் முடிந்து தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்ட வேண்டும். இது நீங்கள் பேசி முடித்த பழைய விலைக்கு அல்ல, காரின் அசல் விலைக்கு, வயதுக்கேற்பக் குறைத்துப் போடப்படுவது. 2023 நவம்பரில் நம் மாநிலத்தில் இந்த வரி உயர்ந்ததையும் மறக்க வேண்டாம். கர்நாடகாவில் கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். இங்கே பதிவு முடிந்த பிறகுதான் கேட்க முடியும், கொஞ்சம் நடக்கவும் வேண்டும். அந்தப் பணம் யாருக்கு என்பதை விலை பேசும்போதே எழுதிக் கொள்ளுங்கள்.

இதையெல்லாம் வீட்டிலிருந்தே எவ்வளவு தூரம் பார்க்கலாம்? பரிவாஹன் இணையதளத்தில் மொபைல் எண்ணைக் கொடுத்து நுழைந்து, வண்டி எண்ணை டைப் செய்தால் பதிவான தேதி, ஆர்.சி.யின் நிலை, இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை தெரியும். இ-சலான் பக்கத்தில் கட்டாத அபராதம் தெரியும். பெங்களூரு வண்டிக்கு இதை அவசியம் பாருங்கள். 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு பாதித் தள்ளுபடி அறிவித்து வசூலிக்கும் அளவுக்கு அங்கே அபராத பாக்கி குவிந்திருந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் அது திருட்டு வண்டியா என்றும் பார்க்கலாம். கடையில் வாங்குகிறீர்கள் என்றால், 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.வின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது; அதைக் காட்டச் சொல்லுங்கள்.

சரி செய்ய முடிவதும் முடியாததும்

தேய்ந்த கிளட்ச்சை மாற்றலாம். ஷாக் அப்சர்பரை மாற்றலாம். எஞ்சினையே இறக்கி வேலை பார்க்கலாம். ஆனால் கம்பெனியில் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாமல் வந்த காருக்கு அவற்றை மெக்கானிக் ஷெட்டில் ஒழுங்காகப் பொருத்த முடியாது. 2019 ஏப்ரலில் ஏபிஎஸ்ஸும், அதே ஆண்டு ஜூலையில் டிரைவர் ஏர்பேக்கும் புதிய கார்களுக்குக் கட்டாயமாயின. முன்சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கான ஏர்பேக் எல்லா மாடலிலும் கட்டாயமானது 2022 தொடக்கத்தில். எனவே 2011இல் வந்த, 50,000 மட்டுமே ஓடிய அடிப்படை மாடலைவிட, 2019 இறுதியில் வந்து ஒன்றரை லட்சம் ஓடிய காரையே நான் ஒரு குடும்பத்துக்குச் சிபாரிசு செய்வேன். முன்னதன் குறை தீராது. பின்னதன் குறை பணத்தால் தீரும்.

அந்தப் பணத்தை எதில் முதலில் போடுவது? நம் ஊரில் வண்டி வந்த மறுநாள் சீட் கவர், மியூசிக் சிஸ்டம், பெரிய ஸ்பீக்கர். இதில்தான் எனக்குக் கோபம். சேலத்தில் கல்யாணம் என்றால் இதே காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேலுமலையையும் தொப்பூர் கணவாயையும் இறங்கப் போகிறீர்கள். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவில் உங்களைக் காப்பது ஸ்பீக்கர் அல்ல.

பிரேக் பேட், பின் சக்கர ஷூ, பிரேக் ஆயில், நான்கு டயர். இவைதான் முதல் பில். பிரேக் டிஸ்க்கை லேத்தில் கடைந்து தருவதாகச் சொல்வார்கள். ஓசூரில் லேத்துக்கா பஞ்சம்! ஆனால் டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்த பிறகு அதற்குக் கீழே போனால் புதிது வாங்குங்கள்.

அடுத்து கூலிங். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் உள்ளே உப்பு படிந்திருக்கும். கழுவிவிட்டுச் சரியான கூலன்ட் ஊற்றி, ஹோஸ், தெர்மோஸ்டாட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினா, செயின் உள்ளதா என்று இணையத்தில் தேடித் தெரிந்துகொள்ளுங்கள். சான்ட்ரோ ஜிங்கிலும் ஆல்ட்டோ 800இலும் பெல்ட். மாருதியின் கே சீரிஸ் எஞ்சின்களில் செயின். பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்பவருக்குத் தெரியாவிட்டால் மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். இப்போது பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், பழைய கார்களில் பெட்ரோல் ஹோஸ்களின் ரப்பரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பின் சீட்டில் பெல்ட் கொக்கிகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கின்றனவா? வெளியே எடுங்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்த விபத்தில், அவர் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்ததாகப் போலீஸ் தெரிவித்தது. அவர் சென்றது விலை உயர்ந்த சொகுசுக் கார்.

உதிரி பாகம் வாங்க பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குப் போகிறவர்கள், கழற்றிய பழைய பாகத்தில் உள்ள பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்து, முதல் நாள் இரவே இணையத்தில் தேடி விலையைக் குறித்துக்கொண்டு போங்கள். பேச்சு சுருங்கும்.

ஒரு எக்செல் ஷீட் போதும்

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் கொண்டு வாருங்கள். எக்செல் இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, பாகத்தின் பெயர், தொகை என்று ஐந்து பத்தி போதும். முதல் வரியில் காரின் விலை, அடுத்து வரி, என்.ஓ.சி. செலவு, பிறகு ஒவ்வொரு பில்லும். கீழே ஆட்டோசம். கடைசி வரி மீட்டரிலிருந்து முதல் வரி மீட்டரைக் கழித்து, மொத்தத் தொகையை அதனால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று வந்துவிடும். முதல் மூன்று மாதம் அந்த எண் பயமுறுத்தும். ஓட ஓட இறங்கும்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்த தேதியையும் அதில் எழுதுங்கள். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது என்பதால் பிரீமியம் கொஞ்சம் கூடும், அதையும் சேருங்கள். பில்களை ஸ்கேன் செய்து அதே போல்டரில் வைத்து, பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து நீங்கள் இந்தக் காரை விற்கும்போது மீட்டரில் இரண்டு லட்சம் காட்டும். அந்த ஷீட்டைப் பிரின்ட் எடுத்து, ஆர்.சி.யோடு சேர்த்து வாங்குபவர் கையில் கொடுங்கள்.