கட்டிலருகே எழுதப்பட வேண்டிய தாள்

பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கின்றனர். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்பது ஒன்று. "இவ்வளவு நேரமாகிறதே, ஆபரேஷன் செய்துவிடலாமே?" என்பது மற்றொன்று. இரண்டிற்கும் ஊகத்தால் விடை கூறலாகாது. விடை காண உதவுவது, தாயின் கட்டிலருகே இருக்கும் பார்ட்டோகிராப் எனும் பிரசவ முன்னேற்ற வரைபடம்.

குழந்தையின் இதயத் துடிப்பை அரை மணிக்கு ஒருமுறையும், கருப்பை வாயின் விரிவைப் பொதுவாக 4 மணிக்கு ஒருமுறையும் செவிலியர் இதில் குறிக்கின்றனர். வலியின் வேகம், பனிக்குட நீரின் நிறம், தாயின் நாடி, இரத்த அழுத்தம் ஆகியனவும் இடம்பெறும்.

1972இல் ஃபில்பாட், காசில் என்னும் மருத்துவர்கள் ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், இவ்வரைபடத்தில் இரு கோடுகளைச் சேர்த்தனர். முதலாவது எச்சரிக்கைக் கோடு. 4 மணி நேரம் தள்ளி வருவது செயற்கோடு. மருத்துவர் இல்லாத நிலையத்திலிருந்து தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பக் கிடைக்கும் அவகாசமே அந்த இடைவெளி. அண்ணனூரிலோ ஆவடியிலோ வலி கண்ட தாயை எழும்பூருக்கு அனுப்ப நேர்ந்தால், அந்த அவகாசத்தின் அருமை விளங்கும்.

உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து நாடுகளில் 35,484 பெண்களிடம் நடத்திய ஆய்வு 1994இல் வெளியானது. வரைபடமும் அதற்கேற்ற சிகிச்சை நெறியும் வந்தபின், 18 மணி நேரத்தைக் கடந்த பிரசவங்கள் 6.4 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. அவசர சிசேரியனும் 9.9இலிருந்து 8.3 ஆனது. தாமதம், அவசரம் இரண்டையும் தடுக்க இயலும் என்பதே இதன் பொருள்.

ஆயினும் எங்கள் தரப்புக் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை பிறந்தபின், ஒரே மையில், ஒரே மூச்சில் நிரப்பப்பட்ட வரைபடங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அத்தகைய தாள் கோப்புக்கு உதவும், தாய்க்கு உதவாது. ஒரு செவிலியர் ஒரே வேளையில் பல தாய்மார்களைக் கவனிக்கும் இடத்தில் பழியை அவர்மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று. போதிய செவிலியரை அமர்த்துவதும், கோடு தாண்டியதாக அவர் சொன்னவுடன் விரைந்து வருவதும் மருத்துவர்களாகிய எங்கள் கடமை. எவரும் பார்த்துச் செயல்படாவிடில் எந்தத் தாளும் உயிர் காக்காது.

2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புதிய பிரசவப் பராமரிப்புத் தாளில், தாயுடன் துணைக்கு ஒருவர் இருக்கிறாரா என்பதையும் குறிக்க வேண்டும். ஆகவே துணையிருப்போரே, தயங்காமல் கேளுங்கள்: "கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? வரைபடம் என்ன சொல்கிறது?" அக்கேள்வியை நாங்கள் குறுக்கீடாகக் கருதமாட்டோம். வரைபடம் சீராகச் செல்லும்போது பொறுமையாக இருங்கள். அது விலகும்போது எங்கள் முடிவுக்குத் துணைநில்லுங்கள்.